தவளை முதுகில் படிக்கட்டு

மனித குலம் இதுவரை கண்ட முன்னேற்றங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால், நெருப்பு, சக்கரம், அதற்கு அடுத்தபடியாக மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் 1996-ஆம் வருஷம் ஆவணி மாதம் வந்து இறங்கிய இங்க்ஜெட் பிரிண்டர் என்றுதான் சொல்ல வேண்டும். சரித்திரப் புத்தகங்களில் இதைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. சரித்திரம் எழுதுகிறவர்கள் கச்சேரி ரோட்டுப் பக்கம் வருவதில்லை போலிருக்கிறது.

பிரிண்டர் வந்து இறங்கிய இடம் ஜயநிச்சயம் கைடு பதிப்பகம். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது பிள்ளைகள் வாங்கி நெட்டுருப் போடுவார்களே, அந்தக் கைடுகளை அச்சடிக்கிற நிறுவனம். வந்த விருந்தாளிக்கு உரிய மரியாதைகள் குறைவில்லாமல் நடந்தன. சந்தனம், குங்குமம், கதம்பம். புது வண்டி என்றால் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றலாம். பிரிண்டருக்குச் சக்கரம் இல்லை. ஆகவே நாலு பேர் அதைத் தூக்கி, பழத்தின் மேல் வைத்து, ஓர் அழுத்து அழுத்தினார்கள். சாறு காகிதத் தட்டுக்குள் போனது. துடைத்தார்கள்.

முதல் மாடியில் அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி ஏ.ஸி. போட்டார்கள். மனிதர்களுக்கு மின்விசிறியே அதிகம் என்று பல வருஷங்களுக்கு முன்பே முடிவாகிவிட்ட கட்டடம் அது. அறை வாசலில் ஒரு பலகை: "பாதரட்சைகளை வெளியே விடவும். இயந்திரத்துக்குத் தூசி ஆகாது."

இந்த மாபெரும் முன்னேற்றத்தில் சுலோச்சனாவுக்கும் ஒரு சின்னப் பங்கு இருந்தது. சின்னப் பங்கு என்றால் ரொம்பச் சின்னது. விலங்கியல் கைடில் வருகிற நாற்பத்திரண்டு படங்களையும் அவள் வரைந்திருந்தாள். அவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில், சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜன்னல் ஓர மேஜைதான் ஜயநிச்சயத்தின் "ஓவியப் பிரிவு". பிரிவின் தலைமை சுலோச்சனா. பிரிவின் ஊழியர்களும் சுலோச்சனாதான். மேற்கு மாம்பலத்திலிருந்து இருபத்தாறு வருஷமாக வந்துபோய், தவளை, கரப்பான்பூச்சி, மனித இதயம், சிறுநீரகம் என்று மெல்லிய முனைப் பேனாவால் கறுப்பு மையில் வரைந்து தள்ளியிருக்கிறாள். எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் ஒரே வரி: "படங்கள்: ஓவியப் பிரிவு."

மேல்வீட்டுப் பெண் மாளவிகா ஒரு நாள் மொட்டைமாடியில் உட்கார்ந்து கைடில் இருந்த தவளைப் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். துணி உலர்த்த வந்த சுலோச்சனா, "அது நான் போட்ட தவளை" என்று சொல்லிவிட்டாள். மாளவிகா சிரித்துவிட்டு, "போங்க ஆன்ட்டி, இதெல்லாம் கம்பெனி போடறது" என்றாள். சுலோச்சனா துணியை உலர்த்திவிட்டு இறங்கினாள். ஆனால் அன்றைக்கு ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டாள்.

மேனேஜிங் டைரக்டர் ராகவேந்திரன் நல்ல மனிதர். யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற வழக்கம் உள்ளவர். கேட்பதோடு சரி.

"சுலோச்சனா, உங்களுக்கு எப்போ ரிடையர்மென்ட்?"

"மார்ச் முப்பத்தொண்ணு சார்."

"அப்போ இந்த விலங்கியல்தான் கடைசிப் புஸ்தகம். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்கோ. வெள்ளித் தட்டு பண்ணிடலாமா?"

"தட்டு வீட்டுல இருக்கு சார். முதல் பக்கத்துல 'படங்கள்: சுலோச்சனா'ன்னு ஒரு வரி போட்டா போதும்."

கட்டடத்தில் பாதியை எழுதித் தரக் கேட்டுவிட்டாற்போல் ராகவேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஓவியப் பிரிவுன்னு போட்டுண்டுதானே வரோம்? அது நீங்கதானே?"

"நான்தான் சார். ஆனா அது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெரிய முடிவுகள் எடுக்கும்போது அப்படிச் செய்வார். "சரி, போடறேன். ஆனா ஒரு கண்டிஷன். இந்தத் தடவை எல்லாம் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர்ல கோடு சரியா வந்துடுத்துன்னா உங்க பேர் நிச்சயம். சரியா வரலேன்னா, பேரைப் போட்டு அவமானம் உங்களுக்குத்தானே? நான் உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது எல்லாமே எப்போதும் மற்றவர்களின் நன்மைக்குத்தான்.

முதல் படம் அச்சாகி வந்தது. தவளை. பார்த்தவர்கள் இன்னொரு தடவை பார்த்தார்கள். தவளையின் முதுகில் யாரோ படிக்கட்டு கட்டியிருந்தார்கள். மூக்கு நுனியில் ஆரம்பித்து முதுகு வழியாகப் பின்னங்கால் வரைக்கும் சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கான படிகள். எறும்புக்கு முழங்கால் வலி இருந்தாலும் நிதானமாக ஏறி இறங்கலாம்.

"இன்னாக்கா இது, தவளையா, திருப்பதி மலையா?" என்றான் அசோகன்.

அசோகன் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். பதினைந்து வருஷம் ஈய எழுத்துக் கோத்துவிட்டு, தி. நகரில் மூன்று மாச கோர்ஸ் முடித்துக்கொண்டு வந்தவன். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். எதற்கும் அசராதவன். சுலோச்சனா மட்டும் தவளையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்தத் தவளைக்கா தன் பெயர்?

"ஏன் அசோகா இப்படி வருது? நான் போட்டது வழவழன்னு இருக்கே."

"உன் மேல தப்பு இல்லக்கா. மிஷின் மேலயும் தப்பு இல்ல. கீழ ஸ்கேன் பண்ணா கோடு கண்ணாடி மாரி கீது. ஆனா படம் நாலு எம்.பி. வருது. ஃப்ளாப்பில ஒண்ணரைகூடக் கொள்ளாது. அத்தத் தபால் தலை அளவுக்குச் சுருக்கி, ஃப்ளாப்பில திணிச்சு, மேல இட்டுகினு போய்த் திரும்பப் பெருசு பண்றேன். சுருக்கினா புள்ளி பாதி போயிடும். இருக்கற புள்ளிய இழுத்துப் பெருசாக்குனா படிக்கட்டாத்தான் தெரியும்."

கீழே ஸ்கேன் செய்கிறவனும் அசோகன். மேலே பிரிண்ட் எடுக்கிறவனும் அசோகன். அசல் ஓவியங்கள் ஓவியப் பிரிவை விட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆகவே ஸ்கேனர் கீழே. பிரிண்டருக்கு ஏ.ஸி. வேண்டும், ஆகவே பிரிண்டர் மேலே. நடுவில் பதினேழு படி. பதினேழாவது படியில் ஹாஜிரா பீயின் மேஜை.

ஹாஜிரா பீ வரவு-அனுப்புதல் பதிவேட்டுக்குப் பொறுப்பு. அந்தப் பதிவேட்டில் ஏறாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு குண்டூசி நகர்ந்ததில்லை.

"பீயம்மா, படத்த நாலாப் பிரிச்சு நாலு ஃப்ளாப்பில போட்டுக்கினு வரேன். மேல ஒண்ணாச் சேத்துக்கறேன். சுருக்கவே வேணாம்," என்றான் அசோகன்.

"நாலா? ஒரு படத்துக்கு ஒரு நம்பர். ஒரு நம்பருக்கு ஒரு சாமான். கட்டம் ஒண்ணுதான் இருக்குது. நீ நாலு குடுத்தேன்னா மீதி மூணை நான் எங்கே எழுதறது நைனா?"

"ஒண்ணு ஏ, ஒண்ணு பி-ன்னு எழுதேன்."

"அடிச்சுத் திருத்தினா ஆடிட்ல நீ வந்து நிப்பியா?"

"நிக்கறேன்."

"நீ நின்னா ஒத்துக்க மாட்டாங்க. உன் பேரு ரெஜிஸ்டர்ல இல்லே."

அசோகன் ஒரே ஃப்ளாப்பியை நீட்டினான். பதிவேட்டின் தூய்மை காப்பாற்றப்பட்டது.

ஆனால் நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. "கோடு சீர்திருத்தக் கமிட்டி" உடனடியாக அமைக்கப்பட்டது. தலைவர் ராகவேந்திரன். சிறப்பு ஆலோசகராக அடையாறிலிருந்து சாய்சரண் என்பவர் வரவழைக்கப்பட்டார். இடுப்பில் பேஜர் வைத்திருந்தார். அது கிணுகிணுத்தபோதெல்லாம் கமிட்டி எழுந்து நிற்காத குறை.

"பேப்பர்தான் ப்ராப்ளம்," என்றார் சாய்சரண் முதல் கூட்டத்தில். "சாதாரணப் பேப்பர்ல இங்க் ஊறிப் பரவுது. கோட்டிங் கொடுத்த பேப்பர் போடுங்க, கோடு ஷார்ப்பா நிக்கும்."

போட்டார்கள். அவர் சொன்னது அப்பழுக்கில்லாத உண்மை. முன்பு மை ஊறி மங்கலாகத் தெரிந்த படிகள் இப்போது ஒவ்வொன்றாக எண்ணும்படி பளிச்சென்று தெரிந்தன. ராகவேந்திரன் முப்பது வரைக்கும் எண்ணினார்.

இரண்டாவது கூட்டத்தில் பிரிண்டரை உயர்ந்த தரத்தில் ஓடவிட்டார்கள். ஒரு தவளைக்குப் பதினெட்டு நிமிஷம். பதினெட்டு நிமிஷமும் கமிட்டி, பிரசவ வார்டு வாசலில் நிற்பதுபோல் சுற்றி நின்றது. குழந்தை படிக்கட்டோடுதான் பிறந்தது. மூன்றாவது கூட்டத்தில் பிரிண்டர் தெற்குப் பார்த்து இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, கிழக்குப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டது. படிகளும் கிழக்குப் பார்த்தன.

அசோகன் கையைத் தூக்கினான். "சார், ஃப்ளாப்பி…"

"அசோகன், இது டெக்னிகல் கமிட்டி. ஆபரேட்டர்லாம் இதுல தலையிடப்படாது," என்றார் ராகவேந்திரன். அதுவும் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது.

நாலாவது கூட்டத்துக்கு சுலோச்சனாவை மேலே கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குளிரில் நின்றாள்.

"சுலோச்சனா, நான் நன்னா கவனிச்சுட்டேன். நேர்க்கோடெல்லாம் ஜோரா வரது. குறுக்குக்கோடும் ஜோரா வரது. வளைஞ்ச கோடுதான் படுத்தறது. நீங்க தவளையைக் கொஞ்சம் நேராப் போட முடியுமோ?"

"தவளை வளைஞ்சுதான் சார் இருக்கு."

"வளைஞ்சுதான் இருக்கணும்னு சிலபஸ்ல எங்கேயாவது போட்டிருக்கா?"

"இல்ல சார். தவளைதான் அப்படி."

"இதயத்தையும் கட்டம் கட்டமாப் போட்டுடுங்கோ. நாலு அறைன்னுதானே பாடத்துல வரது? நாலு ரூம் போட்டுடுங்கோ, ஆச்சு. உங்க பேரும் வந்துடும்."

சுலோச்சனா பதினேழு படியும் இறங்கி வந்து தன் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சதுரத் தவளை. கீழே "படங்கள்: சுலோச்சனா". மாளவிகா அதை மொட்டைமாடியில் விரித்து வைத்துக்கொண்டு, அடிக்கோல் வைத்துத் தவளை போடுகிற காட்சி கண்ணுக்குத் தெரிந்தது. பெயர் வராமல் போனால்கூடத் தேவலை போலிருந்தது. ஆனால் அந்த எண்ணம் ஒரு டம்ளர் காப்பி குடித்து முடிக்கிறவரைக்கும்தான் இருந்தது. பெயர் வேண்டும். தவளையும் தவளையாக இருக்க வேண்டும்.

ஜயநிச்சயத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு காலத்தில் மண்புழு தலைகீழாக அச்சாகி, மூன்று பதிப்புகள் யாரும் கவனிக்காமல் விற்றுத் தீர்ந்துவிட்டன. அதிலிருந்து எந்தப் படமும் அச்சுக்குப் பிளேட் போடப் போகுமுன் ஓவியப் பிரிவுக்கு வந்து, ஓரத்தில் பென்சிலால் "தலை மேலே" என்று ஓர் அம்புக்குறி வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஆக, மேலே அச்சான ஒவ்வொரு பக்கமும் ஒரு நாள் முழுக்க சுலோச்சனாவின் மேஜையில் இருக்கும்.

மாசி மாதம் பிறந்தபோது வேலையை ஆரம்பித்தாள். பிரிண்டர் மை நன்றாகக் காய வேண்டும். ஈரம் இருந்தால் மேலே வைக்கிற வெள்ளைச் சாயம் சாம்பல் நிறமாகிவிடும். காலையில் வந்த பக்கத்தை மத்தியானம்வரை ஜன்னல் ஓரம் வைப்பாள். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது இவள் மைப்புட்டியைத் திறப்பாள். உள்ளே குழிந்த படிகளில் கறுப்பை நிரப்புவாள். வெளியே துருத்துகிற மூலைகளைச் சைபர் நம்பர் பிரஷ்ஷால் வெள்ளை வைத்து மறைப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு படி, அடுத்த படி. தவளையின் முதுகு வழுக்கிக்கொண்டு வந்தது. இதயம் வீங்கித் தணிந்தது. அவள் எத்தனையோ தவளை வரைந்திருக்கிறாள். தன் தவளையைத் தானே செப்பனிட்டது இதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் அசோகன் கண்டுபிடித்துவிட்டான்.

"யக்கா! கையால போட்டதை மிஷினுக்கு அனுப்பி, மிஷின் கெடுத்ததைத் திரும்பக் கையால போடறியா?"

"கத்தாதேப்பா."

"அப்ப மிஷின் இன்னாத்துக்கு?"

"அதுக்கு ஏ.ஸி. போட்டிருக்காங்களே. பாவம், அதுவும் ஏதாவது செய்யணும்."

"சார் கைல சொல்லிடு. நான் வேணா சொல்றேன்."

"இப்ப சொன்னா கம்ப்யூட்டர்ல கோடு சரியா வரலைன்னு ஆயிடும். பேர் போயிடும். முதல்ல பேர் வரட்டும் அசோகா, அப்புறம் ஊரைக் கூட்டிச் சொல்லலாம்."

அசோகன் தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் அவன் வாசற்படியில் உட்கார்ந்து, யார் வந்தாலும் உரக்கப் பேசி வைத்தான்.

நாற்பத்திரண்டு படங்களும் கமிட்டி முன் வைக்கப்பட்டன. ராகவேந்திரன் பூதக்கண்ணாடியை எடுத்தார். தவளையின் முதுகில் இப்படியும் அப்படியும் ஓட்டினார். படியைக் காணோம்.

"அடேயப்பா! வெண்ணெய்யில கோடு கிழிச்சாப்ல இருக்கே! எப்படி?"

சாய்சரண் ஒரு கணம்தான் தயங்கினார். "போன வாரம் பிரிண்டரோட டிரைவர் சாஃப்ட்வேரை மாத்தினேன் சார்."

"கோட்டுக்குப் பக்கத்துல என்னமோ வெள்ளையா இருக்கே?"

"அதான் சார் கோட்டிங்."

பங்குனி மாதம் ஒரு நல்ல நாளில் பிரிண்டருக்குப் பாராட்டு விழா நடந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். காற்றுத் துவாரம் மூடிக்கொள்ளவே உடனே எடுத்துவிட்டார்கள். சாய்சரணுக்குக் கேடயம். இடைப்பட்ட நேரத்தில் ரவா கேசரி. சுலோச்சனா கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். நாளைக்குப் புத்தகம் வருகிறதே என்று சந்தோஷமாகவே தட்டினாள்.

புத்தகம் வந்தது. அட்டையைத் திருப்பினாள். முதல் பக்கத்தில் தெளிவாக, நடுநாயகமாக ஒரு வரி இருந்தது.

"படங்கள்: கணினி."

அன்றைக்குச் செருப்பைக் கழற்றக்கூட மறந்து மேலே பிரிண்டர் அறைக்குள் போய்விட்டாள். உள்ளே போனதும் ஞாபகம் வந்து, வாசலுக்குத் திரும்பி வந்து கழற்றினாள். இருபத்தாறு வருஷப் பழக்கம், கோபத்திலும் விடுவதில்லை.

"சார், என் பேரு…"

"போடணும்னுதான் இருந்தேன் சுலோச்சனா. பெருமாள் சத்தியமா. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்கே? நீங்க போட்டது படிபடியா வந்ததை இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். அதை வழவழன்னு ஆக்கினது மிஷின். வேலை பண்ணினவாளுக்குத்தானே பேர் போகணும்? நீங்களே சொல்லுங்கோ."

"வழவழன்னு ஆக்கினது நான் சார். ஒவ்வொரு படியா, என் கையால."

ராகவேந்திரன் புத்தகத்தைப் பிரித்து, பூதக்கண்ணாடியை வைத்துத் தவளையைப் பார்த்தார். பிறகு சுலோச்சனாவைப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு கருணை.

"மனுஷா கையால இவ்வளவு ஸ்மூத்தா வராது சுலோச்சனா. கை நடுங்கும்."

அவள் வலது கையை மேஜை மேல் நீட்டி, விரல்களை விரித்துக் காட்டினாள். ஏ.ஸி. குளிரிலும் அது நடுங்கவில்லை. அவர் அதைப் பார்க்கவில்லை. பிரிண்டரிலிருந்து அடுத்த புத்தகத்துக்கான பக்கம் ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடவடிக்கைக் குறிப்பில் பதிவானது இது: "ஓய்வுபெற உள்ள ஊழியர் ஒருவருக்கு ஏற்பட்ட இயல்பான மனக்கலக்கம் அனுதாபத்துடன் கவனத்தில் கொள்ளப்பட்டது."

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வழியனுப்பு விழா. வெள்ளித் தட்டு கொடுத்தார்கள். "ஓவியப் பிரிவுக்கு அன்புடன்" என்று பொறித்திருந்தது.

ஏப்ரல் மாதம் தாவரவியல் கைடு தொடங்கியது. படங்கள் சுலோச்சனா முன்பே வரைந்து வைத்துவிட்டுப் போனவைதான். ஸ்கேனர் அதே ஸ்கேனர். ஃப்ளாப்பி அதே ஃப்ளாப்பி. கிழக்குப் பார்த்த பிரிண்டரும் மாறவில்லை. செம்பருத்திப் பூ வெளியே வந்தது. ஒவ்வொரு இதழிலும் படிக்கட்டு. மாவிலை வந்தது, ரம்பம் மாதிரி. சாய்சரண் டிரைவரை மாற்றினார், பேப்பரை மாற்றினார், கடைசியில் பேஜர் நம்பரையும் மாற்றிவிட்டார். "சுலோச்சனாக்கா கையால பண்ணுச்சு சார்" என்று அசோகன் எட்டாவது தடவையாகச் சொன்னான். இந்தத் தடவை ராகவேந்திரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வைகாசி மாதம் மேற்கு மாம்பலத்துக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவள் சுலோச்சனா. படித்துக் காட்டியவள் மாளவிகா.

"திருமதி வ. சுலோச்சனா, ஓவியர், அவர்களுக்கு.

பொருள்: நிறுவனத்துக்குச் சொந்தமான வழவழப்பை எடுத்துச் சென்றது பற்றி.

தாங்கள் பணியில் இருந்தவரை நமது கோடுகள் வழவழப்பாக இருந்தன. தாங்கள் சென்ற நாள் முதல் அவ்வாறு இல்லை. மேற்படி கோடுகளைத் தங்கள் கையால் செய்ததாகத் தாங்களே நிர்வாக இயக்குநர் முன்னிலையில் வாக்குமூலம் அளித்துள்ளீர்கள். வெளியே சென்ற வழவழப்புக்கு அனுப்புதல் பதிவேட்டில் எண் ஏதும் இல்லை. எனவே கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் அதைத் திருப்பி ஒப்படைக்குமாறும், தவறினால் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும் எனவும் இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

மாளவிகா கடிதத்தை மடிக்கவில்லை. "ஆன்ட்டி," என்றாள், "அப்போ அந்தத் தவளை நிஜமாவே நீங்க போட்டதுதானா?"

ஜயநிச்சயத்தை மட்டும் யாரும் குறை சொல்லக் கூடாது. இருபத்தாறு வருஷமாகத் தங்கள் கைடுகளுக்குப் படம் வரைகிறவர் யார் என்று தெரியாமலே தவித்த நிறுவனம் அது. திருடினது யார் என்ற கேள்வி வந்ததும், இனிஷியல்கூடப் பிசகாமல் ஒரே நாளில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டது.